திரும்பிப் போக வழி பார்த்துக் கொடுத்த எஸ்தர் அக்கா

வழக்கறிஞர் எஸ்தர் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அமெரிக்காவில் அதுதான் இப்போது என் வேலை. எங்கள் ஊர் மேலகரத்திலிருந்து தங்கை செல்வி குரல் பதிவு அனுப்பியிருந்தாள். “அண்ணே, வக்கீலம்மா போயிட்டாவ. கோர்ட்டுக்குப் புறப்படும்போது நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தாவளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன்னே முடிஞ்சிட்டு.”

உடனே ஊருக்குப் போகவேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் பயம் வந்துவிட்டது. அமெரிக்காவை விட்டு ஒருமுறை என்னை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். இப்போது சட்டப்படி இருக்கிறேன், போய்விட்டு வரலாம். ஆனாலும் திரும்பும்போது விமான நிலையத்தில் அதிகாரி என் கைரேகையை வைத்துப் பார்ப்பார், பழைய கதையெல்லாம் திரையில் வரும். அதை நினைத்து அடக்கத்துக்குப் போகாமல் இருந்துவிட்டேன். மனைவி விமலா திட்டிய பிறகுதான் டிக்கெட் எடுத்தேன். தென்காசியில் அக்காவுக்கு நடந்த நினைவுக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன், பேச்சு வரவில்லை. அங்கே சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். அவரை அறிந்த உங்களில் பலருக்கு இதில் பாதி தெரிந்திருக்கும்.

வேலை விசாவில் போனவன் நான். கம்பெனியை மூடிவிட்டார்கள். விசா முடிந்த பிறகும் தங்கினேன். விமலாவை அங்கேதான் கல்யாணம் செய்தேன். அவளுக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தது, குடியுரிமை இன்னும் வரவில்லை. மகள் யாழினி அங்கே பிறந்தவள். தங்க அனுமதி கேட்ட என் மனு தோற்றது, நீதிபதி வெளியேற்ற உத்தரவு போட்டார், மேல்முறையீடும் தோற்றது. ஒரு காலையில் வேலைக்குப் புறப்பட்டுக் காரைத் திறக்கும்போது குடியேற்ற அதிகாரிகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த உடுப்போடுதான் பிறகு சென்னையில் வந்து இறங்கினேன்.

செல்விதான் என்னை எஸ்தர் அக்காவிடம் அழைத்துப் போனாள். தென்காசி நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடியில் அவர் அலுவலகம் இருந்தது. சொத்துத் தகராறும் ஜீவனாம்ச வழக்கும்தான் அவருக்கு அதிகம். வெளிநாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வந்தால் அவர்களையும் உட்கார வைத்துக் கேட்பார். நான் சொல்லி முடித்ததும் முதலில் அவர் சொன்னது இதுதான்: “அமெரிக்கச் சட்டம் எனக்குத் தெரியாது தம்பி. தெரியும்னு சொன்னா அது பொய். அங்கன அதுக்குன்னே இருக்கிற ஒரு வக்கீலைப் பிடிப்போம். இங்கன உள்ள வேலைய நான் பாக்கேன்.”

பிடித்தார். அங்கே இருந்த வழக்கறிஞரிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, எனக்குப் புரியும்படி சொன்னார். “பத்து வருஷம் வெளிய இருந்துட்டு அப்புறம் விசா கேக்கலாம். அது ஒரு வழி. அதுக்கு முன்ன போகணும்னா உங்க வீட்டம்மாவுக்குக் குடியுரிமை வரணும். அவ உங்களுக்காக மனு போடணும். அப்பவும் ரெண்டு தடை நிக்கும். ஒண்ணு நாடு கடத்துனதுக்கு, இன்னொண்ணு விசா இல்லாம தங்குனதுக்கு. ரெண்டுக்கும் தனித்தனியா அனுமதி கேக்கணும். நீங்க இல்லாம அவ ரொம்பக் கஷ்டப்படுதான்னு காட்டணும். நீங்க படுத கஷ்டத்தை அவங்க பாக்க மாட்டாவ.”

“கொடுப்பாங்களா அக்கா?”

“தெரியாது. கொடுக்கணும்னு சட்டம் இல்ல. கேக்கலாம்னுதான் சட்டம்.”

அந்தப் பதில் என்னைக் கலங்க வைத்தது. கொடுப்பார்கள் என்று அவர் பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தபடிதான் படி இறங்கினேன்.

விமலாவுக்குக் குடியுரிமை வந்தது. மனு ஏற்கப்பட்டு விசா விண்ணப்பம் போடும் நாள் வந்தது. அக்காவின் கம்ப்யூட்டரில் நான் பதில் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். ‘எந்த நாட்டிலிருந்தாவது வெளியேற்றப்பட்டிருக்கிறீர்களா?’ என்ற கேள்வி வந்ததும் அதை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். அவர் கையை எடுத்துவிட்டு மௌஸை என் பக்கம் தள்ளினார். “இதை நீங்களே அமுக்குங்க. நாளைக்கு அதிகாரி முன்ன நீங்கதான் நிக்கணும்.” ஆம் என்பதை அமுக்கினேன். “எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா இங்கன பொய் சொல்லி மாட்டுனா அப்புறம் கேக்குறதுக்கே முகம் இருக்காது” என்றார். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

மும்பையில் அமெரிக்கத் தூதரக நேர்முகத்தில் மறுத்தார்கள். முதலில் மறுப்பார்கள், அதன் பிறகுதான் அனுமதி மனுக்களைப் போட முடியும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். அப்படியும் அந்த மறுப்புத் தாளை வாங்கும்போது இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். இரண்டு மனுவும் போட்டோம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு வேலைக்குச் சேர்ந்தேன். அருவி சீசனில் குளிக்க வந்தவர்கள் ஈரத் துண்டோடு சாவி கேட்பார்கள். என் காது மட்டும் போன் மேலேயே இருக்கும். விமலாவுக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் அவள் சமையலறையில் மயங்கி விழுந்து, யாழினி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள்.

அந்த வாரம்தான் ஒரு ஏஜென்ட் என்னைத் தேடி வந்தார். “பேர்ல ரெண்டு எழுத்தை மாத்தி, அப்பா பேரைப் பின்னால போட்டு, புது பாஸ்போர்ட் எடுப்போம் அண்ணாச்சி. அமெரிக்காவுக்குப் பக்கத்து நாடு வரைக்கும் விசா. அங்கன இருந்து நடந்து தாண்டிரலாம். போனவங்கல்லாம் நல்லா இருக்காங்க” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். போட்டோ கூட எடுத்துக் கொடுத்துவிட்டேன். செல்வியிடம் மட்டும் சொன்னேன். அவள் அக்காவிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் எஸ்தர் அக்கா லாட்ஜுக்கே வந்துவிட்டார். அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். வரவேற்பறை முழுக்க ஆட்கள். அக்கா கோர்ட்டுக்குப் போட்ட கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் குறைந்த பிறகு பேசினார்.

“என் தம்பி ஜெபராஜைப் பாத்திருக்கீயளா?”

“இல்லக்கா.”

“யாரும் பாத்திருக்க மாட்டாவ. வளைகுடாவுல இருந்து அனுப்பிட்டாங்க. மறுபடி போகணும்னு ஒத்தக் கால்ல நின்னான். பேரை மாத்தி பாஸ்போர்ட் எடுத்தான். இறங்குன இடத்துலயே கைரேகை காட்டிக் கொடுத்துட்டு. ஜெயில்ல போட்டாங்க. என்ன நடந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எங்கிட்டச் சொல்லல. காலிங் பெல் அடிச்சா பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிடுதான்.” பிறகு, “பேர் மாத்துறதுக்கு அபிடவிட் எழுதிக் கையெழுத்துப் போட்டது நாந்தான். அவன் எதுக்குக் கேக்கான்னு தெரிஞ்சுதான் போட்டேன்” என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“வெளியேத்துன ஆளு திருட்டுத்தனமா உள்ள போனா அங்கன அது கிரிமினல் குத்தம். ஜெயிலு. இப்ப போட்டிருக்கிற மனு ரெண்டும் செத்துப்போகும். விமலா ஆஸ்பத்திரியிலயும் நீங்க ஜெயில்லயும் இருந்தா அந்தப் பிள்ளைய யாரு பாக்கிறது? எனக்குப் பயமா இருக்கு தம்பி. அதான் ஓடி வந்தேன்.”

ஏஜென்டுக்கு நான் அங்கேயே போன் போட்டு வேண்டாம் என்று சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு விமலாவின் புது மருத்துவச் சான்றுகளைச் சேர்த்து அனுப்பச் சொல்லி அந்த நாட்டு வழக்கறிஞருக்கு மெயில் போட்டார். அதை என்னிடமே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினார். அன்று நான் சரியான முடிவு எடுத்துவிட்டதாகத் தோன்றவே இல்லை. இருந்த ஒரு கதவையும் அடைத்துக்கொண்டதாகவே தோன்றியது.

அனுமதி வர இன்னொரு சீசன் ஆயிற்று. மனுவோடு அவ்வளவு சான்றுகள் வைத்தும், கிடைத்தது அதிர்ஷ்டம்தான் என்பார் அக்கா. இதேபோல மனு போட்ட இலத்தூர்க்காரர் ஒருவருக்கு மறுத்துவிட்டார்கள். அவர் இன்னும் பிள்ளைகளைப் போனில்தான் பார்க்கிறார். என் செய்தியை அக்காவிடம் சொல்ல ஓடினேன். அவர் அந்த மனிதரின் அடுத்த மனுவைத் தட்டிக்கொண்டிருந்தார். சந்தோஷப்பட்டார். ஆனால் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், அந்த மனிதர் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது நினைவுக் கூட்டத்துக்கு வந்த மறுநாள் ஜெபராஜைப் பார்க்கப் போனேன். மணியை அடிக்காமல் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வெகுநேரம் கழித்து ஜன்னலைத் திறந்தார். அக்காவின் சாயல் அப்படியே இருந்தது.

“எப்ப திரும்பப் போறீய?” என்று கேட்டார்.

“நாளன்னைக்கு.”

“பயமா இருக்கா?”

“இருக்கு.”

தலையை ஆட்டினார். “அக்காவும் ரொம்பப் பயப்படுவா. ஒவ்வொருத்தர் கேஸுக்கும் ராத்திரி முழிச்சிக் கிடப்பா. உங்க யார்கிட்டயும் மறைச்சிருக்க மாட்டாளே.” மறைத்ததில்லை என்றேன். அவர் கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டார். பிறகு இதைச் சொன்னபோது செல்வியால் நம்ப முடியவில்லை.

யாழினியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் ஊரிலிருந்த காலமெல்லாம் ‘அப்பா வேலையாக இந்தியா போயிருக்கிறார்’ என்றுதான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். அது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. “பிள்ளை நினைக்கும், நம்மளவிட அப்பாவுக்கு வேலைதான் பெருசுன்னு. உள்ளதைச் சொல்லுங்க. பயந்தா பயப்படட்டும், கூட நாமளும் பயப்படுதோம்லா” என்றார். வீடியோவில் அவளிடம் சொன்ன அன்று யாழினி வெகுநேரம் அழுதாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் கேட்காத கேள்வி இல்லை.

நாளை சென்னைக்கு ரயில், மறுநாள் விமானம். இன்று காலையும் யாழினி கூப்பிட்டாள். இம்முறை உள்ளே விடுவார்களா என்று கேட்டாள். என் தாள்களெல்லாம் சரியாக இருக்கின்றன, விடவேண்டும் என்பதுதான் சட்டம் என்றேன். அப்படியும் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். “எனக்கும்தான்ப்பா” என்றாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் வேறு விஷயங்கள் பேசினோம், அவள் பள்ளிக்கூடம், அவள் அம்மாவின் மாத்திரை, என் பெட்டியில் கட்டி வைத்திருக்கும் முறுக்கு. எஸ்தர் அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு போவது இப்படிப் பேசப் பழகியதைத்தான்.