எதிர்த்தரப்பு வக்கீலம்மா

தலை வாரிக்கொண்டே வக்கீலம்மா எதிர்த்தரப்புக்காக வாதாடுகிறார். இன்றைய வழக்கில் அவருடைய கட்சிக்காரர், வீட்டைக் காலி செய்ய மறுக்கும் தையல்காரர். கண்ணாடி முன் நிற்கும் வரை மட்டும் அம்மா வீட்டுச் சொந்தக்காரர் பக்கம். "அந்த மனுஷனுக்கும் கல்யாணமான மகன் இருக்கான். அவன் குடும்பத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்று சீப்பை நீட்டிக் கேட்கிறார்.

"ஏத்துக்க முடியாது. அடுத்த பாயிண்ட்டுக்கு வா" என்று சமையலறையிலிருந்து தீர்ப்பு வருகிறது. வழங்குபவர் கணவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பதால் நீதிபதியின் கண்ணில் நீர்.

சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய மாடிப்படி. அதன் முடிவில் அம்மாவின் அலுவலகம். உள்ளறையில் ஒரு மேசை, வெளியே ஒரு பெஞ்சு. அடிதடி, விவாகரத்து, வாடகைத் தகராறு என்று எது வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அவங்க உங்களைப் பத்தி என்ன சொல்றாங்க? அதை முதல்ல சொல்லுங்க." பாதிப் பேர் அங்கேயே முகம் சுளிப்பார்கள். காசு கொடுத்துத் திட்டு வாங்க யாருக்குப் பிடிக்கும்?

நடுவில் சில வருடங்கள் அவர் அரசு வக்கீலாக இருந்தார். அலுவலகக் காரும் தனி அறையும் கிடைத்தன. பழக்கம் மட்டும் மாறவில்லை.

அப்போதுதான் அந்தத் தீ வழக்கு வந்தது. ஒரு கிடங்கு எரிந்து, உள்ளே தூங்கிய சுமைதூக்கும் தொழிலாளி இறந்துபோனார். தீ வைத்ததாகக் காவலாளியைப் பிடித்திருந்தார்கள். அவர் தீக்குச்சி கிழித்ததைத் தன் மாடிச் சன்னலிலிருந்து பார்த்ததாக எதிர்வீட்டுக்காரர் சாட்சி. இந்தச் சாட்சி இல்லாவிட்டால் வழக்கே இல்லை.

அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சன்னலில் போய் நின்றார். எதிரே தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. எக்கிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். கிடங்கின் கூரை நுனிகூடக் கண்ணில் படவில்லை. தொட்டி எப்போது கட்டியது என்று வீட்டுக்காரரின் மனைவியைக் கேட்டார். "வீட்டோட சேர்த்துக் கட்டினதுங்க" என்றாள் அவள், வெள்ளந்தியாக.

மறுநாள் வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். "அதைக் கேக்க வேண்டியது அந்தப் பக்கத்து வக்கீல், மேடம். நீங்க ஏன் வலியப் போய் மாட்டிக்கிறீங்க?" என்றார் அவர்.

"அவர் கேக்காம விட்டுட்டா?"

"விட்டா நமக்கு நல்லது."

அந்தப் பக்கத்து வக்கீல் கேட்காமல்தான் விட்டார். அம்மா எழுந்து, தன் சாட்சியைத் தானே நம்பவில்லை என்று நீதிபதியிடம் சொன்னார். காவலாளி விடுதலையானார். கூண்டை விட்டு இறங்கத் தெரியாமல் அவர் அங்கேயே நின்றதும், இறந்தவரின் தம்பி "அப்ப எங்க அண்ணனை யாரு கொன்னது?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டதும் அவருடைய தூக்கத்தை இன்னும் கெடுக்கும். இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்குப் புகார் அனுப்பினார். பதவிக்காலம் நீட்டிக்கப்படவில்லை. "கார் போச்சா? சரி, நடந்தா முழங்காலுக்கு நல்லது" என்றார் வாத்தியார்.

போன வாரம் அதே இன்ஸ்பெக்டர் மாடிப்படி ஏறி வந்தார். சீருடை இல்லை, பணி இடைநீக்கத்தில் இருக்கிறார். கைதி ஒருவனை வேண்டுமென்றே தப்பவிட்டார் என்று குற்றச்சாட்டு.

"ஊர்ல இத்தனை வக்கீல் இருக்காங்களே?" என்று அம்மா கேட்டார்.

"நீங்கதான் மேடம் நேர்ல போய்ப் பார்ப்பீங்க."

"பார்த்துட்டு, நீங்க சொல்றது பொய்னு தெரிஞ்சா?"

"அப்படித் தெரியவராது மேடம். நான் விடலை." கண்ணைத் துடைக்க அவர் கர்சீப்பைத் தேடி இரண்டு பைகளையும் துழாவினார். வெளிப் பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.