யூட் அண்ணைக்கு நான் போட்ட கள்ள மனசு வாக்கு

எங்களுக்கு எதிரான கட்சி, தேர்தலில் நிறுத்தத் தன் பள்ளிமுனை வட்டார வேட்பாளரைத் தெரிவுசெய்ய ஊர்ச் சனம் எல்லாரையும் வாக்களிக்க அழைத்தது. அவர்களின் மெற்றில்டா ரீச்சர் தேர்தலில் நின்றால் எங்கள் கட்சிக்குத் தோல்விதான். அதனால் நாங்கள் பதினைந்து பேர் போய், ரீச்சரோடு போட்டியிட்ட, நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படும் யூட் அண்ணைக்குப் போட்டோம். ஆறு வாக்கால் அவர் வென்றார். நான்தான் முதலில் கைதட்டினேன்.

யூட் அண்ணை எழுந்து எங்களைப் பார்த்தார்.

"எனக்குப் போட்ட கனபேர் எங்கட கட்சி இல்லை. நான் நிண்டா நாங்கள் தோப்பம் எண்டுதான் போட்டவை. ரீச்சரே நிக்கட்டும். நான் அவவுக்கு வேலை செய்யிறன்."

வாசலில் என்னை மறித்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ தம்பி" என்றார்.

தேர்தலன்று அந்தக் கட்சிக்கு இரண்டாவது முறையாக வாக்களித்தேன். இந்த முறை, வெல்லவேண்டும் என்று.