இரண்டு மேசைக்கு ஒரே காற்று

அந்த சோபா பட்டறையில் அண்ணன் தம்பி இருவரும் மரம் அறுத்தார்கள். அவர்கள் மனைவிமார் இருவரும் துணி போர்த்தி, காற்றழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கியால் ஸ்டேப்ளர் பின் அடித்தார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் துப்பாக்கிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்ட மூத்தவள்தான் இப்போது வேலையில் புலி. கோபத்திலும்தான். பட்டறைக்கு மேலே உள்ள மாடி அறை யாருக்கு என்ற தகராறில் ஓரகத்தியோடு பேச்சை நிறுத்தியவள், நிறுத்தியதுதான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் கிடக்கும் சோபாவிடம் சொல்வாள்.

"கத்தரிக்கோல எடுத்தவங்க எடுத்த எடத்துல வச்சா நல்லாருக்கும்."

சோபா பதில் சொல்லாது. கத்தரிக்கோல் மட்டும் வந்து சேரும்.

காற்றுதான் பெரிய தொல்லை. கொல்லைப்புறத்துக் கம்ப்ரசரிலிருந்து வரும் ஒரே குழாய்தான் இரண்டு மேசைக்கும். ஒருத்தி துப்பாக்கியைக் கழற்றித் துடைக்க நினைத்தால் கொல்லைப்புறம் போய் மொத்தக் காற்றையும் நிறுத்த வேண்டும். மற்றவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். "வேணும்னே பண்றாங்க" என்று இரண்டு பக்கமும் புகார். கேட்டுக் காது புளித்துப்போன மூத்தவளின் கணவர் குழாய் மாட்டும் பிட்டரை அழைத்துவந்தார். வந்தவர் சுவரில் ஆளுக்கொரு சின்னப் பித்தளை வால்வு மாட்டினார். கட்டைவிரல் பருமன்தான்.

"கைப்பிடி குழாயோட நேரா இருந்தா காத்து வரும். குறுக்க திருப்பினா நின்னுடும்."

"தனிக்குடித்தனம் வச்சாச்சு" என்று கொழுந்தன் சிரித்தான். பெண்கள் சிரிக்கவில்லை.

ஒரு மத்தியானம் இளையவளின் ரப்பர் ஹோஸ் துப்பாக்கியை விட்டுப் பிய்த்துக்கொண்டது. சீறித் துள்ளி, அவள் கன்னத்தில் அறைந்து, மேசைமேல் இருந்ததையெல்லாம் வாரிக் கொட்டியது. அவள் முகத்தை மூடிக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள். மூத்தவள் சுவரோரமாகப் பாய்ந்து இளையவளின் வால்வைக் குறுக்கே திருப்பினாள். சீற்றம் பட்டென்று அடங்கியது.

"கண்ணுல பட்டுச்சாடி? கைய எடு, பாக்கறேன்."

"இல்லக்கா, கன்னத்துலதான்."

கன்றிச் சிவந்த இடத்தில் ஈரத்துணியை வைத்து அழுத்தும்போது மூத்தவள்தான் 'ஸ்ஸ்' என்றாள்.

"என்னக்கா, நீங்க அடி வாங்கின மாதிரி 'ஸ்ஸ்'ங்கறீங்க?"

"பேசாம இரு."

"இத்தன நாளா பேசாமத்தானே இருந்தேன்!"

மூத்தவள் சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

மாடி அறை விவகாரம் அன்றே தீர்ந்துவிடவில்லை. இன்னும் சில சண்டைகள் நடந்தன, ஆனால் எல்லாம் நேருக்கு நேர். கடைசியில் துணி வெட்டுவதை மாடிக்கு மாற்றினார்கள். கீழே கிடைத்த இடத்தில் மூன்றாவது மேசை போட்டு, வேலைக்கு ஒரு பெண்ணையும் சேர்த்தார்கள். அவளுக்கான வால்வை மூத்தவளே மாட்டினாள். இணைப்பில் சோப்பு நுரை தடவி, காற்று கசிகிறதா என்று இளையவள் குனிந்து பார்த்தாள்.

"குமிழி வருதுக்கா. இன்னும் கொஞ்சம் இறுக்குங்க."

"இதுக்கு மேல இறுக்கணும்னா நீயும் வந்து பிடி."

இருவரும் சேர்ந்து ஸ்பேனரைப் பிடித்தார்கள்.