பூப் பார்க்கப் போன மலை

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஆட்கள் சாலையில் மரத்தை வெட்டிப்போட்டு மறித்த காலம் அது. அப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் தங்கவில்லை. அவரைத் தேடிப் போலீஸ்காரர்கள்தான் வந்து போனார்கள். அப்பா வெளியூரில் வேலைக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னாள். இரண்டாம் வகுப்பு முடித்திருந்த நான் அதை அப்படியே நம்பினேன்.

கோடை விடுமுறையில் ஒருநாள் காலை அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டு, "கல்வராயன் மலையில பூவா பூத்துக்கினு இருக்குதாம். பார்த்துட்டு வரலாம், வா" என்றாள். சந்தைக்குக்கூட என்னைக் கூட்டிப்போகாதவள்! கச்சிராயபாளையம் வரை டவுன் பஸ். அங்கிருந்து நடை.

வழியில் இருந்த ஓர் அணைக்கு அப்பால் ஒற்றையடிப் பாதை மலை ஏறும் இடத்தில் போலீஸ்காரர்கள் மரநிழலில் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னாம்மா, எங்க போற?" என்றார் ஒருவர். அம்மா முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். நான்தான் துள்ளிக்கொண்டு, "பூப் பாக்கப் போறோம்!" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "இந்த வெயில்லயா? சரி, இருட்டறதுக்குள்ள எறங்கிடுங்க."

வளைவு திரும்பும்வரை அம்மா என் கையை நசுக்கிப் பிடித்திருந்தாள்.

நிஜமாகவே மலை பூத்துத்தான் இருந்தது. சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கியது. வெட்பாலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து கிடந்தது. களாச் செடியில் முள்ளுக்கு நடுவே கறுத்த பழங்கள். பாறையோரம் பூத்திருந்த ஊதாப் பூவைக் காட்டி, "இது இன்னாம்மா?" என்று கேட்டேன். "அது... காட்டு ராணி" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அடுத்து வந்த பூ காட்டு ராஜா ஆனது. கால்வலி எனக்கு மறந்தே போயிற்று.

மேலே, அறுப்பு முடிந்த சாமைக் கொல்லையின் ஓரத்தில் ஒரு குடிசை. அதன் வாசலில் தாடியோடு அப்பா! ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவருக்கு இடம் கொடுத்திருந்த மலைக்கார அம்மாள் எங்களுக்கும் களி போட்டாள். அவள் எங்கள் சாதியுமில்லை, சொந்தமுமில்லை. அப்பா பிடிபட்டால் அவளுக்கும்தான் வம்பு.

சாப்பிட்டதும், "பாப்பா, வா, பூ காட்றேன்" என்று அந்த மலைக்கார அம்மாள் என்னை எழுப்பினாள். வாசலில் காயவைத்த கேழ்வரகைக் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. அதை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு என்னோடு நடந்தாள். ஓடைக்கரையில் புளியாரைத் தழையைக் கிள்ளித் தின்னக் கொடுத்தாள். காட்டுமல்லி பறித்து என் சடையில் சொருகினாள்.

"அப்பாகிட்ட போலாம்" என்று சிணுங்கினேன்.

"இரு கண்ணு, அந்தப் பாறைக்கு அப்பால இன்னொன்னு இருக்குது."

பாறைக்கு அப்பால் போனால் அடுத்த சரிவில் வேறொன்று இருந்தது. வெயில் தாழ்ந்த பிறகே குடிசைக்குத் திரும்பினோம். அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன; ஆனால் முகம் தெளிந்திருந்தது. அப்பா தாடியை மழித்திருந்தார்.

புறப்படும்போது அம்மா அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா..." என்றாள். அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மலையெல்லாம் சுற்றிப் பூக் காட்டியது எனக்கு. அதற்கு அம்மா ஏன் இப்படி அழுகிறாள் என்று விளங்காமல் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.