ஹைட்ரோஸ் போட்டுக் கழுவிய கை

சாயப்பட்டறைக்காரன் கை எந்த விசேஷத்துக்கும் லாயக்கில்லை. நகக்கண்ணில் கறுப்பு, ரேகையில் நீலம். அதனால் மகளின் கல்லூரி ஆய்வகத்துக்கு ரத்தம் கொடுக்கக் கிளம்பிய அன்று, பட்டறையில் எல்லோரும் செய்வதுபோல ஒரு சிட்டிகை ஹைட்ரோஸைத் தண்ணீரில் குழைத்து விரல்களைத் தேய்த்துக்கொண்டேன். துணியில் ஏறிய சாயத்தையே உரித்துவிடும் பொடி அது. கை பளிச்சென்று ஆகிவிட்டது. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தாள், அப்படியே பஸ் ஏறினேன்.

இரண்டு வருடமாக அவள் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று செய்துகொண்டிருந்தாள். கடையில் விற்கும் சோதனைப் பட்டையில் என்சைம் இருக்கிறது, வெயிலில் கெட்டுப்போகும் என்பாள். எனக்கா சொல்ல வேண்டும்? பனியன் துணியில் பிசிறெடுக்க நாங்கள் ஊற்றும் என்சைமே சித்திரை வெயிலில் செத்துப்போகிறது. அவளுடையதில் என்சைம் கிடையாது, நிக்கல் பூசிய சின்னத் தகடுதான். ரத்தப் பரிசோதனை லேப் சொல்லும் எண்ணோடு அது காட்டும் எண் பொருந்த வேண்டும். மறுநாள் பேராசிரியர் பார்ப்பார். பொருந்தாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

விரலில் குத்தி ரத்தத்தைத் தகட்டில் சொட்டவிட்டாள். நானூற்று அறுபது. முழங்கை நரம்பில் எடுத்த ரத்தத்துக்கு லேப் சொன்னது இருநூற்றுப் பத்து.

அவள் முகம் செத்துவிட்டது. எனக்கு மண்டை குழம்பியது. கருவி சரியென்றால் நான் பிழைப்பதே சந்தேகம். தப்பென்றால் அவளுடைய இரண்டு வருடம் பாழ். முருகா, நான் எதை வேண்டிக்கொள்வது? நானூற்று அறுபதே இருந்து தொலையட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"லேப்காரனுக்கு என்ன தெரியும் கண்ணு?" என்று கத்தினேன்.

சமாதானம் செய்ய என் கையைப் பிடித்தவள் அதன் கந்தக நெடியில் மூக்கைச் சுளித்தாள். "ஏனுங்கப்பா, கை இத்தன வெள்ளையா இருக்குது? எதுல கழுவுனீங்க?"

"ஹைட்ரோஸ்லதான். உனக்கு அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு."

தலையில் அடித்துக்கொண்டாள். "என்சைம்னா சக்கரைய மட்டும் தேடிப் புடிக்குமுங்க. நான் செஞ்ச தகட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாதுங்க. ஹைட்ரோஸ் ஒட்டியிருந்தா அதையும் சேத்து எண்ணிப்போடும்."

சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவவைத்தாள். வேறு விரல். இருநூற்று எட்டு.

"பொருந்திப்போச்சுங்கப்பா!" என்று குதித்தாள். நானும் இந்த வயசில் குதித்தேன். பிறகுதான் அவள் அந்த எண்ணைத் திரும்பப் பார்த்தாள்.

"அப்பா, காலைல இருந்து நீங்க ஒண்ணுமே சாப்புடலீங்களே. உங்களுக்குச் சக்கரை இருக்குதுங்கப்பா."

"இருந்துட்டுப் போகுது. பொருந்துச்சில்ல?" என்றேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.