பால் ஸ்டோரில் மாடு

'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று அந்தத் தொலைக்காட்சித் தொடரின் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் எழுத்துப் போட்டார்கள். மூன்றாவது பகுதிக்குள், தழுவிய வேகத்தில் உண்மைக்கு மூச்சு நின்றுவிட்டது.

அந்தச் சம்பவம் எங்கள் தோட்டத்தில் நடந்தது. ஜொகூரில் சிம்பாங் ரெங்கத்துக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அப்போது இருந்தோம். குத்தகைக்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடியவன், சில நாள் காட்டில் ஒளிந்திருந்து, கடைசியில் எங்கள் பால் ஸ்டோரில் பிடிபட்டான். நாள், கிழமை, மழை, வெயில் என்று எல்லாவற்றையும் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு அன்றே உண்டு. அதைக் கேள்விப்பட்டுத்தான் அந்தத் தொடருக்காகக் கதை திரட்டிய ஒரு பெண் கோலாலம்பூரிலிருந்து என் வீட்டுக்கு வந்தாள். நாட்குறிப்பில் உரிய பக்கத்தை எடுத்து நீட்டினேன். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ் அங்கிள், ரொம்ப டீட்டெயிலா இருக்கு" என்று சொல்லிப் போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதையும் அன்றைய தேதியில் குறித்து வைத்திருக்கிறேன்.

தொடரில் பால் ஸ்டோர் வந்தது. அதில் ஆறு மாடுகள் நின்றன.

தோட்டத்தில் பால் என்றால் ரப்பர் மரத்துப் பால். வெட்டுக்காரர்கள் மரத்தைக் கீறி எடுத்து வாளியில் சுமந்துவரும் அந்தப் பாலை நிறுக்கும் இடம்தான் பால் ஸ்டோர். நிறுத்து எழுதுகிறவர் கிராணி. நகரத்தில் வளர்ந்த அந்தப் பெண்ணுக்குப் பால் பெட்டியில் வருவது. பெட்டிக்கு முன்னால் மாடு இருந்திருக்க வேண்டும் என்பதுவரை அவளே ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறாள். ஆகவே கிராணி மாட்டுக்காரர் ஆனார். ஓடிவந்த கொலைகாரனை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, வைக்கோலுக்குள் ஒளித்துவைத்தார். நடுவில் பால் கறந்துகொண்டே ஒரு பாட்டும் பாடினார். ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் அவ்வளவு வைக்கோல் ஏது என்று யாரும் கேட்கவில்லை.

நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அந்தக் கிராணியின் மனைவி என் எதிர்வீட்டு அக்கா. கிராணி இப்போது இல்லை. அவர்களுடைய ஒரே மகளுக்குத் தங்காக் ஊரில் மாப்பிள்ளை பேசி, பரிசம் போட நாள் குறிப்பதுதான் பாக்கி.

நான்காவது பகுதி ஓடிய மறுநாள் காலை, அக்கா என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"தம்பி, தங்காக்லேர்ந்து போன் வந்துச்சு. கொலைகாரனுக்கு ஒளிய எடம் குடுத்த வீட்ல பொண்ணு எடுக்கணுமான்னு மாப்பிள்ள அம்மா கேக்குறாங்க."

"அது வெறும் கதை, அக்கா."

"ஊர் பேரு இருக்கு. எங்க வீட்டுக்காரரு மீசை இருக்கு, சைக்கிள் இருக்கு. இதெல்லாம் கதையா? யாரு தம்பி அவங்களுக்குப் போய்ச் சொன்னது?"

உள்ளே போய் நாட்குறிப்பை எடுத்துவந்தேன். அந்தப் பக்கம், 'கிராணி அவனை உள்ளே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்' என்று முடிந்திருந்தது. திருப்பினேன். 'பிறகு வெளியே வந்து கதவைப் பூட்டினார். ஒரு வெட்டுக்காரரைப் போலீசுக்கு அனுப்பினார். அவர்கள் வரும்வரை வாசலை விட்டு நகரவில்லை.'

பூட்டு அடுத்த பக்கத்தில் இருந்தது. ஒரு தூறலைக்கூட விடாமல் குறித்தவன், பக்கத்தின் அடியில் 'தொடர்ச்சி' என்று ஒரு சொல் போடவில்லை.

"நான்தாங்க்கா சொன்னது" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ நீங்கதான் வரணும். காடிய எடுங்க."

ஞாயிற்றுக்கிழமை என் காரில் தங்காக் போனோம். மாப்பிள்ளையின் அம்மா டவுனில் பிறந்து, அங்கேயே துணிக்கடையில் வேலை பார்த்தவர். அப்பா பழைய வெட்டுக்காரர். தொடர் ஓடும் நேரத்தில் அவர் வேறு அறையில் பந்தாட்டம் பார்ப்பவராம்.

"நாங்களா இட்டுக்கட்டிச் சொல்றோம்? டிவிலயே காட்டிட்டான்" என்றார் அந்த அம்மா. "அத்தன மாடு வச்சிருந்தாரு, அவருக்கு எதுக்குங்க இந்த வேலை?"

"மாடு எங்க இருந்துச்சாம்?" என்றார் அவர் கணவர்.

"பால் ஸ்டோர்லதாங்க."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "பால் ஸ்டோர்ல மாடா? அலமாக்!" இருமல் வரும்வரை சிரித்தார். "அந்தப் பால மாடு குடிச்சா வயித்துக்குள்ள ரப்பர் சிலிப்பர்தான் இருக்கும்லா!"

அந்த அம்மா சிரிக்கவில்லை. "சரி, மாடு பொய்யி. தேத்தண்ணி?"

"தேத்தண்ணி உண்மைங்க" என்றேன். அக்கா என்னை முறைத்தார். அவசரமாகப் பக்கத்தைத் திருப்பி நீட்டினேன். அந்த அம்மா விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். முதல் வரியிலேயே விரல் நின்றது.

"பூட்டிட்டாரா?"

"பூட்டிட்டு வாசல்லயே உக்காந்திருந்தாருங்க" என்றார் அக்கா. "வீட்டுக்கு வந்தும் அந்தப் பயம் போகல. சோத்தப் பெசைய முடியல. நான்தான் ஊட்டிவிட்டேன்."

அது என் நாட்குறிப்பின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"இத ஏங்க டிவில காட்டல?" என்று அந்த அம்மா கணவரைக் கேட்டார்.

"இதுல மாடு இல்லையே."

இந்த முறை அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். எழுந்து போய்ச் சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்தார். இருவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு தாள்களைப் புரட்டினார்கள். வளர்பிறை முகூர்த்தம் ஒன்று கிடைத்தது. நான் பேனாவைத் திறந்தேன்.

"எழுதுங்க தம்பி" என்றார் அக்கா. "ஒரே பக்கத்துல எழுதுங்க."