மெற்றில்டா அக்காவின் செவ்வாய்க்கிழமை சுவிச்

மெற்றில்டா அக்கா தன் கொம்பியூட்டரை அணைப்பது பட்டனால் அல்ல, சுவரில் இருக்கிற சுவிச்சால். டக். எங்கள் கடைத் தெருவில் தையல் கடை ஒன்று வயர் சூடாகி நெருப்புப் பிடித்த நாளிலிருந்து, இருக்கையை விட்டு எழும்பினால் சுவிச்சையும் அணைத்துவிட்டுத்தான் போவார். மதியச் சாப்பாடு மேசையிலேயே, வீட்டுக்குப் போவதும் எல்லாருக்கும் கடைசியாக. அதனால் மற்ற நாட்களில் பிரச்சினை இல்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் வேலை நடுவே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்வருவார். அந்த டக்கில்தான் கடையே நின்றுபோகும், கோயிலில் நிற்கிற அவருடைய ஃபோன் ஓயாமல் அடிக்கும்.

கடை கொழும்பு பதின்மூன்றில், கொட்டாஞ்சேனையில். கதிரை, மேசை, பந்தல், சாப்பாட்டுக் கோப்பை எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறோம். நான் லொறி ஓட்டுகிறேன். கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் அதே கதிரைதான். சிரிக்கிறவனுக்கும் அழுகிறவனுக்கும் பின்பக்கம் ஒன்றுதானே.

அக்கா அங்கே சேர்ந்தது இப்போதைய முதலாளி சிவபாதசுந்தரத்தின் தகப்பன் காலத்தில். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"கதிரை திரும்பி வாற வடிவைப் பாத்தே ஆம்பிளையளை அறிஞ்சிட்டன், தம்பி."

எனக்குப் பேத்தி பிறந்தும் அவருக்கு நான் தம்பிதான். கடைக்குக் கொம்பியூட்டர் வந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. பொரளையில் ஒரு வகுப்புக்குப் போய்ப் படித்து, எந்த நாளில் எந்த வீட்டுக்கு எத்தனை கதிரை என்று காட்டுகிற ஃபைலைத் தானே செய்தார். அது அவருடைய மெசினில் இருந்தது. அந்த மெசினின் தலையில் ஒரு சின்ன அந்தோனியார் சுரூபம். முன்மேசை ஷாமிலாவும் உள்ளறை முதலாளியும் வயர் வழியாக அதையே திறந்து எழுதுவார்கள். மூன்று பேருக்கும் ஒரே பாஸ்வேட், அதுவும் அந்தோனியார்தான்.

ஷாமிலா எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தரம் டக் விழுந்தது. இரண்டு தரமும் ஃபைல் உடைந்தது. வெள்ளவத்தையிலிருந்து மெசின் பார்க்க வருகிற றொஹான் வேறு ஒழுங்கு செய்யலாம் என்றான். "என்ரை பிள்ளையை ஆரிட்டையும் வளக்கக் குடுக்கமாட்டன்" என்று அக்கா அவனைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். ஷாமிலா என்ன செய்வாள்? திங்கள் பின்னேரம் ஃபைலைத் தன் மெசினில் கொப்பி எடுத்து, செவ்வாய் வருகிறவர்களை அதில் எழுதி, அடுத்த நாள் அக்காவின் ஃபைலில் மறுபடி எழுதுவாள்.

என் மகள் ரொஷேலின் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. குழந்தைக்கு என் மூக்கு. பாவம், ஆனால் அவள் முகத்தில் அதுவும் வடிவாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டு முன் ஒழுங்கையில் பந்தல் போட்டுச் சாப்பாடு. கதிரைக்கு ஷாமிலாவிடம் சொன்னேன். சொன்ன நாள் செவ்வாய்க்கிழமை.

புதன் பௌர்ணமிப் போயா லீவு, கடை பூட்டு. வியாழன் காலையில் ஷாமிலா வரமுன்னம் ஏதோ பில் தேடி அக்கா அவளுடைய மெசினைத் திறந்தார். ஒரே பெயரில் இரண்டு ஃபைல் கிடந்ததாம். வீடு கூட்டுகிற மாதிரி ஒன்றைத் தட்டி அழித்துவிட்டார். என் பேத்தியின் கதிரைகள் அதற்குள்தான் இருந்தன. கொப்பியைக் காணாததால், எல்லாவற்றையும் அக்காவே தன் ஃபைலில் ஏற்றிவிட்டார் என்று ஷாமிலா நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஜிந்துப்பிட்டிச் செத்த வீடு ஒன்றுக்கு, கடையில் இருந்த கதிரை முழுவதையும் நானே ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினேன். திரும்பி வந்து, "பிள்ளை, நாளைக்கு என்ரை கதிரையை எப்ப ஏத்திறது?" என்று ஷாமிலாவைக் கேட்டேன்.

அவள் தேடினாள். பிறகு இன்னொருதரம் தேடினாள். அவளுடைய முகம் மாறியது.

"ஆர் எழுதினது? எப்ப?" என்றார் அக்கா.

"நான்தான் அக்கா. செவ்வாய்க்கிழமை. நீங்க அப்ப கோயில்ல."

வியாழன் தான் அழித்தது எதை என்று விளங்கி, அக்கா சுவரிலிருந்த சுவிச்சைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி நாலைந்து இடத்துக்கு ஃபோன் அடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "செத்த வீட்டில போய்க் கதிரையை இழுக்கேலுமே? வேற கடையளிலயும் கேட்டன், நாளைக்கு ஒண்டும் இல்லையாம்."

"போனவர் படுத்துத்தானே கிடக்கிறார். அவருக்கு என்னத்துக்குக் கதிரை?" என்றேன்.

"வாயை மூடு, தம்பி!"

அக்கா குடையை எடுத்தார். நேரே என் ஒழுங்கைக்கு வந்து வீடு வீடாகத் தட்டினார்.

"நாளைக்குக் குழந்தையின்ரை ஞானஸ்நானத்துக்கு வாறீங்கள்தானே? வரேக்க இருக்கிறதுக்கு ஒரு கதிரையும் கொண்டு வாங்கோ."

"அப்ப, பரிசு வேண்டாமோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அதையும் கொண்டு வாங்கோ."

ஞாயிறு அன்று எங்கள் ஒழுங்கையில் வந்து நின்ற கதிரைகளைப் பார்க்கவேண்டும். பிரம்புக் கதிரை, சாப்பாட்டு மேசைக் கதிரை, கால் ஆடுகிற ஸ்டூல். நோயாளிக் கிழவர் ஒருவரின் கமோட் கதிரைகூட வந்தது, ஓட்டையின் மேல் குஷன் போட்டபடி. மனைவியின் சித்தப்பா விசயம் தெரியாமல் அதில் இருந்து, இதுதான் நல்ல சொகுசு என்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். ஃபாதருக்கு மூலைச் சலூனின் பெரிய கதிரை. என் மச்சான் தெரியாமல் அதன் அடியிலிருந்த பெடலில் காலை வைத்து மிதித்துக்கொண்டிருந்தான். ஃபாதர் கோழிக்கறிக் கோப்பையோடு மெல்ல மெல்ல மேலே எழும்பினார்.

"ஐயோ, ஃபாதர் மோட்சத்துக்குப் போறார்!" என்று ஒரு கிழவி கத்த, சிரித்துச் சிரித்துப் பந்தலே ஆடியது. பேத்தி மட்டும் நித்திரை.

அக்கா ஒரு கதிரையிலும் இருக்கவில்லை. கடைசியில் ரொஷேலிடம் போய்க் குழந்தையின் காலைத் தொட்டுக்கொண்டு சொன்னார். "மகள், பிழை என்ரை சுவிச்சிலதான்." இத்தனை வருசத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை அவரே றொஹானைக் கூப்பிட்டார். அவன் பின்னறையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தான்.

"அன்ரி, சோத்துப்பானை இதுதான், ஒண்டே ஒண்டு. அகப்பை ஆளாளுக்கு வேற. விவரம் எல்லாம் இதுக்குள்ள மட்டும்தான். உங்கட மெசின்ல இருக்கிறது எழுதுற பக்கம் மட்டும், அதை நீங்க அணைச்சாலும் பானைக்கு ஒண்டுமில்லை. ஒரே பதிவை ரெண்டு பேர் தொட்டா ரெண்டாம் ஆளை மறிக்கும். கரண்ட் போனா பற்றரி தாங்கும். ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பி தானாகவே வேற டிரைவுக்குப் போகும். இதின்ரை சுவிச்சை மட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது."

"பாஸ்வேட்?"

"ஆளுக்கு ஒண்டு. அந்தோனியார் வேண்டாம். கொழும்பு பதின்மூண்டில பாதிப் பேர் அவரைத்தான் வச்சிருக்கினம்."

அக்கா சுரூபத்தைத் தன் மெசினிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த நாள் செவ்வாய். டக். குடை, ஹான்ட்பாக், கொச்சிக்கடை. ஷாமிலா எழுதிக்கொண்டே இருந்தாள். உள்ளறையில் முதலாளியும் எழுதினார். ஒன்றும் உடையவில்லை.

மெழுகுதிரி மணத்தோடு அக்கா திரும்பி வந்தார்.

"என்னை ஒருத்தரும் தேடேல்லையே?"

"இல்லை அக்கா. எல்லாம் நல்லா ஓடினது."

அவர் தன் ஃபோனை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஒரு தட்டும் தட்டினார்.

"தம்பி, இது பழுதோ தெரியாது. ஒருக்கா அடிச்சுப் பார்."

என் ஃபோனிலிருந்து அடித்தேன். நன்றாகத்தான் மணி அடித்தது.

"சரி சரி, வேலையைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு அக்கா தன் சுவிச்சைப் போட்டார்.